ஹார்ட் டிஸ்க்கில் பேட் செக்டர்: ஃபார்மட் செய்வதா, முதலில் நகல் எடுப்பதா?

கரிசல் கேமரா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அண்ணன் நடத்தும் ஸ்டூடியோவின் கணினியில் உள்ள 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் தகராறு செய்கிறது. மேசைக் கணினிக்கான மூன்றரை அங்குல டிஸ்க், 7200 சுழற்சி வேகம். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பழையவற்றுக்கு ஒரு நகல் இருக்கிறது. தை, மாசி முகூர்த்தங்களில் எடுத்தவற்றுக்கு நகல் இல்லை. அவற்றில் பலருக்கு இன்னும் ஆல்பம் கொடுக்கவில்லை.

ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரைத் திறந்தால் மேலே பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கிறது, படங்கள் வருவதில்லை. சில படங்களை நகலெடுத்தால் பாதியில் நின்று ‘சைக்ளிக் ரிடண்டன்சி செக்’ பிழை வருகிறது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. சி5 வரிசையிலும் சி6 வரிசையிலும் கடைசியில் 98 என்று இருக்கிறது. 05 வரிசையில் பூஜ்யம்.

பழுது பார்க்கும் கடையில் ‘லோ லெவல் ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும்’ என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் டிஸ்க்கைச் சோதிக்கும் விண்டோஸ் கட்டளையான செக்டிஸ்க்கை ஓடவிடச் சொல்கிறார். எதை முதலில் செய்ய வேண்டும்?

முனையம் எழுதியது:

இரண்டையும் செய்யாதீர்கள். கணினியை இப்போதே அணைத்துவிடுங்கள். அந்த ஃபோல்டரை மறுபடி திறந்து பார்ப்பதும் வேண்டாம்.

நீங்கள் பார்த்த 98 உண்மையில் 152. அந்த மென்பொருள் கச்சா மதிப்புகளைப் பதினாறு அடிமான எண்ணில்தான் காட்டும். அமைப்புகளுக்குள் போய்ப் பத்து அடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். 9 பதினாறும் 8 ஒன்றும் சேர்ந்து 152. சி5 என்று எழுதியிருப்பதும் அதே கணக்கில் 197ஆம் அளவீடுதான், சி6 என்பது 198.

152 எட்டால் வகுபடும் எண். சென்ற பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த டிஸ்க்குகள் பெரும்பாலும் தகட்டில் 4096 பைட் செக்டர்களாக (சிறு துண்டுகளாக) எழுதிவிட்டு, வெளியே பழைய 512 பைட் செக்டர்களாகக் காட்டிக்கொள்கின்றன. தகட்டில் ஓரிடம் கெட்டால் வெளிக்கணக்கில் எட்டு ஏறும். ஆகவே உங்கள் டிஸ்க்கில் வாசிக்க முடியாமல் நிற்பவை 19 இடங்கள். மொத்தம் 76 கிலோபைட் அளவுதான். படங்களில் பெரும்பகுதி பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் இப்போது முக்கியம்.

197 என்பது சந்தேகப் பட்டியல். ஒவ்வொரு செக்டருடனும் பிழைதிருத்தக் குறியீடு சேர்த்தே எழுதப்படுகிறது. வாசிக்கும்போது சில பிட்டுகள் பிசகியிருந்தால் அதை வைத்து டிஸ்க்கே திருத்திக்கொள்ளும். நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. திருத்தும் எல்லையைத் தாண்டிப் பிசகினால் மறுபடி மறுபடி வாசித்துப் பார்த்துவிட்டு, இந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் பிழை என்று சொல்லிவிடும். அந்த இடத்தை உடனே மாற்றிடத்துக்குக் கொண்டுபோக அதனால் முடியாது, ஏனென்றால் அங்கே என்ன இருந்தது என்று அதற்கே தெரியவில்லை. அடுத்து யாராவது அதே இடத்தில் புதிதாக எழுதினால், அப்போது சோதிக்கும். எழுத்து நின்றால் பட்டியலிலிருந்து விடுவிக்கும். நிற்கவில்லையென்றால் உதிரிப் பகுதியில் ஒரு செக்டரைக் கொடுத்துவிட்டு 05 கணக்கில் ஏற்றும்.

உங்கள் 05 பூஜ்யமாக இருப்பதன் பொருள் இதுதான்: பழுதான இடங்களில் இன்னும் எதுவும் எழுதப்படவில்லை. அங்கே இருந்ததை மறுமுயற்சியில் வாசித்துவிட இன்னும் வழி இருக்கிறது. ஃபார்மட் என்றால் எழுதுவது. எழுதிவிட்டால் டிஸ்க்கின் கணக்கு சுத்தமாகும், படம் போய்விடும்.

பழைய பெட்டி எழுதியது:

முனையம் சொல்வதில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இவ்வளவு பயமுறுத்த வேண்டியதில்லை. நான் பல வருடம் அலுவலகக் கணினிகளைப் பராமரித்தவன். 05 பூஜ்யமாக இருந்து 197 மட்டும் ஏறிய டிஸ்க்குகளில் பாதிக்கு மின்வெட்டுதான் காரணம். ஒரு செக்டரை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், தரவு பாதி புதியது, பாதி பழையது, பிழைதிருத்தக் குறியீடு எதற்கும் பொருந்தாது. தகடு நன்றாகவே இருக்கும். மேலே ஒருமுறை எழுதிவிட்டால் அந்த டிஸ்க் மறுபடி வருடக்கணக்கில் ஓடும். தம்பியிடம் யூபிஎஸ் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லையே.

செக்டிஸ்க் கட்டளையை ‘ஆர்’ எழுத்துடன் ஓடவிட்டால் முழு டிஸ்க்கையும் வாசித்துப் பார்த்து, கெட்ட இடங்களை ஒதுக்கிவிடும். விண்டோஸ் கொடுத்திருக்கும் வசதிதானே, ஏன் தயங்க வேண்டும்?

வட்டுப் பட்டறை எழுதியது:

தரவு மீட்பு வேலை செய்கிறேன். செக்டிஸ்க் ஓடிய பிறகு என் மேசைக்கு வரும் டிஸ்க்குகள் அதிகம் என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

செக்டிஸ்க்கின் வேலை கோப்பு முறைமையை ஒழுங்குக்குக் கொண்டுவருவது. உங்கள் படங்களைக் காப்பது அதன் வேலை அல்ல. கோப்புகளின் பெயர், இடம், அளவு எல்லாம் எழுதியிருக்கும் முதன்மை அட்டவணையில் ஒரு செக்டர் வாசிக்க முடியாமல் போனால், அந்தப் பதிவு செல்லாது என்று முடிவு செய்து அதை நீக்கிவிடும். ஒரு ஃபோல்டரின் பதிவே அப்படிப் போனால், உள்ளே இருந்த கோப்புகள் அநாதையாகி, பெயர் தெரியாத எண்களுடன் ‘ஃபவுண்ட்’ என்ற ஃபோல்டருக்குள் குவியும். படத்தின் நடுவில் ஓரிடம் கெட்டிருந்தால், அந்தத் துண்டுக்குப் பதில் வேறு துண்டைச் செருகிவிட்டுப் பழையதைக் கெட்டவை பட்டியலில் சேர்க்கும். இவை எல்லாம் அதே நோயாளி டிஸ்க்கின் மேல் எழுதப்படும் மாற்றங்கள். பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. நகல் எடுத்த பிறகு நகலின் மேல் ஓடவிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

லோ லெவல் ஃபார்மட் பற்றியும் ஒரு வார்த்தை. தகட்டில் தடங்களைப் புதிதாக வரைவது தொழிற்சாலையில் மட்டும் நடக்கும் வேலை. இன்று அந்தப் பெயரில் கடைகளில் செய்வதெல்லாம் முழு டிஸ்க்கிலும் பூஜ்யம் நிரப்புவதுதான்.

மின்வெட்டு காரணமாக இருக்கலாம் என்று ஐயா சொல்வது உண்மை. ஆனால் மின்வெட்டில் பிசகுவது அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஓரிரு இடங்கள். எப்போதோ எழுதி வைத்த படங்கள் இருக்கும் 19 இடங்கள் சேர்ந்து பிசகினால், நான் முதலில் தகட்டையும் அதை வாசிக்கும் தலையையும்தான் சந்தேகிப்பேன். தலை தகட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. நுண்ணிய தூசி ஒன்று இடையில் சிக்கினாலும் கீறல் விழும். கீறலிலிருந்து உதிர்வது அடுத்த கீறலுக்குக் காரணமாகும்.

கரிசல் கேமரா, மூன்று விஷயங்கள் சொல்லுங்கள். டிஸ்க்கிலிருந்து ‘டக், டக்’ என்று சீரான ஒலி வருகிறதா? கேபிள் வழியில் வரும் பிழைகளைக் காட்டும் சி7 வரிசையில் எவ்வளவு இருக்கிறது? கீழே விழுந்ததா? ஒலி வந்தால் இங்கே யார் என்ன சொன்னாலும் மின்சாரம் கொடுக்காதீர்கள். அது தலை பழுது, மென்பொருளால் தீராது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுப்பது போன்ற யோசனைகளும் வேண்டாம். வெளியே எடுத்ததும் தகட்டில் ஈரம் படியும்.

கரிசல் கேமரா எழுதியது:

அண்ணா, ஒலி எதுவும் இல்லை. விழவும் இல்லை. சி7 பூஜ்யம். யூபிஎஸ் இருக்கிறது, ஆனால் அதன் பேட்டரி சரியில்லாமல் மின்சாரம் போனதும் கணினி அணைந்துவிடும் என்று அண்ணன் சொல்கிறார். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் பார்த்தபோது 7ஆம் எண் பிழை, ‘சாதனத்தில் கெட்ட பகுதி இருக்கிறது’ என்ற பொருளில் வரிசையாக இருந்தது. இப்போது கணினியை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டேன். புதிதாக 2 டெராபைட் டிஸ்க் வாங்கியிருக்கிறோம். லினக்ஸ் நான் தொட்டதில்லை.

முனையம் எழுதியது:

சி7 பூஜ்யம் என்றால் கேபிள் நல்ல நிலையில் இருக்கிறது. அது ஏறியிருந்தால் முதலில் டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றச் சொல்லியிருப்பேன்; ஐம்பது ரூபாய்க் கேபிளுக்காக நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போட்டவர்களை அறிவேன்.

உங்களுக்குத் தேவையானது, கெட்ட டிஸ்க்கிலிருந்து நகல் எடுக்கும் டிடிரெஸ்க்யூ. குனூ திட்டத்தின் கட்டற்ற மென்பொருள். சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கணினியை அதிலிருந்து தொடங்குங்கள். அதிலேயே டிடிரெஸ்க்யூ இருக்கிறது. டிஸ்க்குகளைத் தானாக மவுண்ட் செய்யாது (கோப்புகளைப் பார்க்கும்படி இணைக்காது) என்பது இன்னும் முக்கியம். விண்டோஸ் போன்றது டிஸ்க்கைக் கண்டதும் உள்ளே எழுதத் தொடங்கிவிடும்.

சாதாரண நகலெடுப்பு கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். மேசைக் கணினி டிஸ்க்குகள் ஒரு செக்டருக்காகவே பல நொடிகள், சில சமயம் நிமிடக் கணக்கில் போராடும். (பல டிஸ்க்குகளைப் பிணையத்தில் பகிரும் நாஸ் பெட்டிகளுக்கான டிஸ்க்குகள் வழக்கமாக 7 நொடியில் கைவிட்டுவிடும், அங்கே வேறொரு டிஸ்க்கில் பிரதி இருக்கும் என்ற நம்பிக்கையில்.) டிடிரெஸ்க்யூ முட்டிய இடத்தைக் குறித்துவைத்துவிட்டுத் தாண்டிப் போகும். எளிதில் கிடைப்பதை எல்லாம் முதலில் அள்ளிவிடும். பிறகுதான் திரும்பி வந்து கெட்ட பகுதிகளின் ஓரங்களைச் செதுக்கி, கடைசியில் ஒவ்வொரு செக்டராகத் தட்டிப் பார்க்கும். எது முடிந்தது, எது மிச்சம் என்பதை எல்லாம் ஒரு மேப் கோப்பில் எழுதி வைக்கும். நடுவில் மின்சாரம் போனாலும், நீங்களே நிறுத்தினாலும், அதே மேப் கோப்பைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆகவே அந்தக் கோப்பைத் தொலைத்துவிடாதீர்கள். அது பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸின் தற்காலிக நினைவகத்தில் இல்லாமல் புதிய டிஸ்க்கில் இருக்க வேண்டும்.

புதிய டிஸ்க்கை முன்பே என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மட் செய்துவிடுங்கள். ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபி கோப்புக்கு மேல் ஏற்காது. முழு டிஸ்க்கின் நகலாக வரும் உங்கள் இமேஜ் கோப்பு ஒரு டெராபைட்.

அடுத்து வருவதை இரண்டு முறை படியுங்கள். எது பழைய டிஸ்க், எது புதியது என்பதை லினக்ஸ் கொடுக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி பெயரை நம்பித் தீர்மானிக்காதீர்கள். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அந்தப் பெயர்கள் இடம் மாறலாம். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு, திரையில் வரும் வரிசை எண்ணுடன் ஒப்பிடுங்கள். மூலமும் சேருமிடமும் மாறினால் அத்துடன் எல்லாம் முடிந்தது.

முதல் சுற்றுக்கான கட்டளையில் வர வேண்டியவை வரிசையாக: டிடிரெஸ்க்யூ என்ற பெயர்; இடையகத்தைத் தவிர்த்து நேரடியாக வாசிக்கச் சொல்லும் சிறிய ‘டி’ கொடி (கட்டளையோடு சேர்க்கும் குறி); கடினமான இடங்களைச் சுரண்டாமல் விடச் சொல்லும் சிறிய ‘என்’ கொடி; பழைய டிஸ்க்; இமேஜ் கோப்பு; மேப் கோப்பு. இரண்டாம் சுற்றில் ‘என்’ கொடியை எடுத்துவிட்டு, மூன்று முறை மறுமுயற்சி என்பதற்கு ‘ஆர்’ கொடியுடன் 3 சேருங்கள். கோப்புப் பெயர்கள் அச்சு அசலாக அதே பெயர்களாக இருக்கட்டும்.

டிஸ்க்குக்கு எதிரே ஒரு மின்விசிறி வையுங்கள். யூபிஎஸ் பேட்டரியை முதலில் மாற்றுங்கள்.

யாழ் வாணி எழுதியது:

வணக்கம். இடையில் ஒரு கேள்வி. என்னிடம் யூஎஸ்பி வெளி வன்தட்டு ஒன்று இருக்கிறது; அம்மம்மா பாடிய பாடல்களின் ஒலிப்பதிவுகள் அதில் உள்ளன. அதுவும் சில கோப்புகளில் திணறுகிறது. ஆனால் இந்த அளவீடுகள் எதுவுமே மென்பொருளில் தெரியவில்லை. பெட்டியைப் பிரித்து வன்தட்டை நேரடியாகக் கணினியில் பொருத்தலாமா?

வட்டுப் பட்டறை எழுதியது:

வாணி, பிரிப்பதற்கு முன் பொறுங்கள். சில யூஎஸ்பி சில்லுகள் இந்த அளவீடுகளைக் கடத்துவதில்லை. இந்த அளவீடுகளை வாசிக்கும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் மென்பொருளில் சாதன வகை ‘சாட்’ என்று குறிப்பிட்டுக் கேட்டால் பல பெட்டிகள் பதில் சொல்லும். முதலில் அதை முயலுங்கள்.

இரண்டரை அங்குல வெளி டிஸ்க்குகள் பலவற்றில் யூஎஸ்பி இணைப்பு டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். உள்ளே சாட்டா முனையே இருக்காது. வேறு சிலவற்றில் பெட்டியின் சில்லு தரவை மறையாக்கம் செய்து எழுதும். கடவுச்சொல் எதுவும் நீங்கள் வைக்காவிட்டாலும் செய்யும். அதைப் பிரித்துத் தனியாகப் பொருத்தினால் வெறும் குப்பைதான் தெரியும். உங்கள் நகலையும் யூஎஸ்பி வழியாகவே, பெட்டியைப் பிரிக்காமல் டிடிரெஸ்க்யூவில் எடுங்கள். திணறும்போது இணைப்பு துண்டித்துத் துண்டித்து வந்தால் நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள். வேறு பிரதி இல்லாத ஒலிப்பதிவு என்றால் அந்தக் கட்டத்தில் ஆய்வகத்துக்கு அனுப்புவதே நல்லது.

கரிசல் கேமரா எழுதியது:

ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் நொடிக்கு 150 மெகாபைட்டுக்கு மேல் போனது. இடையில் திடீரென்று வேகம் சுருண்டு, ‘கடைசியாக வெற்றிகரமாக வாசித்தது’ என்ற இடத்தில் நேரம் ஏறிக்கொண்டே போனது. கொஞ்ச நேரத்தில் தானே தாண்டி மறுபடி வேகம் பிடித்தது. முதல் சுற்று முடிந்ததும் ஸ்மார்ட் (அந்த சி5, சி6 அளவீடுகள்) பார்த்தேன். 152 ஆக இருந்தது 208 ஆகிவிட்டது. நான்தான் டிஸ்க்கை மேலும் கெடுக்கிறேனா? நிறுத்திவிடட்டுமா?

முனையம் எழுதியது:

நிறுத்த வேண்டாம். முன்பு 152 என்று இருந்தது டிஸ்க் அதுவரை தடுக்கி விழுந்த இடங்களின் கணக்கு. வாசிக்காத இடம் கெட்டிருந்தால் அது அந்தக் கணக்கில் வராது. இப்போதுதான் முழு டிஸ்க்கையும் முதல் முறையாக ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வாசித்திருக்கிறீர்கள். ஏற்கெனவே இருந்தவை வெளியே தெரிந்திருக்கலாம். 208ஐ எட்டால் வகுத்தால் 26.

பழுதில்லாத 1 டெராபைட் டிஸ்க்கை முழுதாக வாசிக்க இரண்டு மூன்று மணி நேரம் போதும். உங்களுடையது அதைவிடச் சற்றே கூடுதலாக எடுத்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. நூற்றுக்கணக்கில் ஏறிக்கொண்டே போனாலோ, ஒலி மாறினாலோ உடனே நிறுத்துங்கள். இல்லையென்றால் இரண்டாம் சுற்றுக்குப் போங்கள்.

வட்டுப் பட்டறை எழுதியது:

முனையம் சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். முதல் சுற்றின் இமேஜை இரண்டாம் சுற்றுக்கு முன்பே திறந்து பாருங்கள், வாசிப்புக்கு மட்டும் என்று மவுண்ட் செய்து. ஆல்பம் கொடுக்க வேண்டிய ஃபோல்டர்கள் முழுதாக வந்துவிட்டன என்றால், மிச்சமுள்ள சில கிலோபைட்டுக்காக டிஸ்க்கை வதைப்பதா என்று நிதானமாக முடிவெடுக்கலாம். என் மேசையில் நான் எப்போதும் இந்த இடத்தில் நிறுத்தி வாடிக்கையாளரைக் கேட்பேன்.

கரிசல் கேமரா எழுதியது:

பார்த்தோம். எல்லா ஃபோல்டர்களும் பெயரோடு இருக்கின்றன! ஆனாலும் எந்தப் படம் கெட்டது என்று தெரியாததால் இரண்டாம் சுற்றும் ஓடவிட்டோம். மறுமுயற்சியில் சில இடங்கள் கிடைத்தன. முடிவில் வாசிக்க முடியாமல் நின்றது 86,016 பைட்.

இப்போது என் கேள்வி: ஆயிரக்கணக்கான படங்களில் கெட்டவை எவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க முடியாது.

முனையம் எழுதியது:

21 இடங்கள். டெராபைட்டில் 84 கிலோபைட். மகிழ்ச்சி.

கெட்டவற்றைக் கண்டுபிடிக்க டிடிரெஸ்க்யூவிலேயே வழி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. முதலில் இமேஜுக்கு இன்னொரு பிரதி எடுங்கள். மேப் கோப்பில் கழித்தல் குறியிட்ட பகுதிகள்தான் வாசிக்க முடியாதவை. ‘ஃபில் மோட்’ என்ற முறையில் அந்தக் குறியைக் கொடுத்து, எந்தப் படத்துக்குள்ளும் தற்செயலாக வர முடியாத ஒரு சொல்லைப் பிரதியின் அந்த இடங்களில் மட்டும் நிரப்பச் சொல்லுங்கள். பிறகு பிரதியை வாசிப்புக்கு மட்டும் மவுண்ட் செய்து, அந்தச் சொல் எந்தெந்தக் கோப்புக்குள் இருக்கிறது என்று ‘கிரெப்’ கட்டளையால் தேடுங்கள். வரும் பட்டியல்தான் கெட்ட கோப்புகளின் பட்டியல். 21 இடங்களில் எந்தக் கோப்பிலும் வராதவை பெரும்பாலும் காலி இடத்தில் விழுந்திருக்கும், அதனால் நட்டமில்லை.

கெட்டவை ஜேபெக் கோப்புகளாக இருந்தால், துளை விழுந்த இடத்துக்குக் கீழே படம் சாம்பல் நிறமாகும் அல்லது நிறம் பிசகி நகர்ந்து தெரியும். ரா (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும்) கோப்புகள் என்றால் நல்ல செய்தி: பெரும்பாலான கேமராக்கள் ரா கோப்புக்குள்ளேயே ஒரு ஜேபெக் முன்னோட்டத்தை வைக்கின்றன, பலவற்றில் முழு அளவிலேயே. துளை வேறு பகுதியில் விழுந்திருந்தால் அந்த முன்னோட்டத்தைப் பிரித்தெடுத்து ஆல்பத்துக்குப் பயன்படுத்தலாம்.

மலைச்சாரல் எழுதியது:

கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் வேலை செய்கிறேன். கெட்ட படங்கள் எவை என்று தெரிந்ததும், வடிவமைப்பாளரிடமும் ஆல்பம் அச்சிடும் லேபிலும் கேளுங்கள். நாங்கள் அனுப்பி முடித்த கோப்புகளைச் சில மாதங்களாவது வைத்திருப்போம். மெமரி கார்டுகளைப் பயன்படுத்தாமல் ஒதுக்கி வையுங்கள். கார்டை ஃபார்மட் செய்திருந்தாலும் மேலே புதிதாக எடுக்காதவரை ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள் மூலம் பழைய படங்கள் திரும்ப வரலாம்.

கரிசல் கேமரா எழுதியது:

அந்தத் தேடல் வேலை செய்தது. பட்டியலில் வந்தவை ஒரு நீளமான வீடியோ, நான்கு ரா கோப்புகள், ஒரு ஜேபெக். வீடியோவில் ஓரிடத்தில் அரை நொடி கட்டம் கட்டமாகச் சிதறுகிறது, மற்றபடி ஓடுகிறது. ரா கோப்புகளில் மூன்றின் முன்னோட்டம் முழு அளவில் கிடைத்தது. நான்காவது மாலை மாற்றும் வரிசையில் ஒன்று. அதற்கு முன்னும் பின்னும் எடுத்தவை நன்றாக இருக்கின்றன. ஜேபெக் கோப்பு மலைச்சாரல் சொன்னபடி லேபில் இருந்தது.

அண்ணன் இப்போது பழைய டிஸ்க்கை என்ன செய்வது என்று கேட்கிறார். பழைய பெட்டி ஐயா சொன்னதுபோல் எழுதிப் பார்க்கலாமா?

பழைய பெட்டி எழுதியது:

இப்போது செய்யலாம், தம்பி. தரவு வெளியே வந்துவிட்ட பிறகு இது வெறும் இரும்பு, சோதிப்பதில் நட்டமில்லை. நான் கடைப்பிடிக்கும் முறை இது. முழு டிஸ்க்கிலும் பூஜ்யம் நிரப்புங்கள். தனி 512 பைட்டை மட்டும் எழுத முயலாதீர்கள். சுற்றியுள்ள 4096 பைட்டையும் முதலில் வாசிக்க வேண்டியிருப்பதால் கெட்ட இடத்தில் அந்த எழுத்தும் தோற்கும். பிறகு 197உம் 05உம் என்ன ஆயின என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் முழு டிஸ்க்கையும் வாசித்து மறுபடி பாருங்கள்.

197 பூஜ்யமாகி, 05உம் பூஜ்யத்திலேயே நின்று, வாசிப்பிலும் புதிதாக எதுவும் வரவில்லை என்றால், தகடு நன்றாக இருக்கிறது, குற்றவாளி மின்வெட்டுதான். 05 ஏறி அங்கேயே நின்றால் அரைமனதாக வைத்துக்கொள்ளலாம். வாசிப்பில் புதிய இடங்கள் முளைத்தால் என் கையால் நானே தூக்கிப் போடுவேன்.

முனையம் எழுதியது:

முறை சரி. ஆனால் ‘அரைமனதாக’ என்ற நடு நிலையை நான் ஏற்பதில்லை. கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை வந்த டிஸ்க், பிழையே வராத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு. முதல் செக்டர் மாற்றிடத்துக்குப் போன டிஸ்க்குக்கு 14 மடங்கு. அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: பழுதான டிஸ்க்குகளில் 56 விழுக்காட்டுக்கு மேல் இந்த முக்கிய அளவீடுகளில் எதுவுமே ஏறாமல்தான் பழுதாயின. மஞ்சள் விளக்கு எரியவில்லை என்பதற்காக மற்ற டிஸ்க்குகளை நம்பி இருந்துவிடவும் முடியாது.

பழைய பெட்டி எழுதியது:

39 மடங்கு என்றாலும் அந்த ஆய்விலேயே பிழை வந்த டிஸ்க்குகளில் பெரும்பகுதி மாதக்கணக்கில் ஓடியிருக்கின்றன, நண்பரே. வேறு பிரதி உள்ள சினிமாப் பாடல்களையும் பழைய நிறுவல் கோப்புகளையும் வைக்க அது போதும். வாடிக்கையாளர் படம் வைக்கக் கூடாது என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை.

கரிசல் கேமரா எழுதியது:

பூஜ்யம் நிரப்பி முடித்தோம். 197 பூஜ்யமானது. 05 பூஜ்யத்திலிருந்து 40 ஆனது. மகிழ்ந்துபோய் முழு வாசிப்பு ஓடவிட்டோம். 197 மறுபடி 16 காட்டுகிறது.

பழைய பெட்டி எழுதியது:

எட்டால் வகுத்துப் பார்த்தால், ஐந்து இடங்கள் எழுத்தையே ஏற்கவில்லை, புதிதாக எழுதிய இரண்டு இடங்களை உடனே வாசிக்க முடியவில்லை. தகடு போகிறது. வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் டிஸ்க் விஷயத்தில் வட்டுப் பட்டறையின் சந்தேகம்தான் சரி.

கரிசல் கேமரா எழுதியது:

நன்றி ஐயா. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடலாமா? பூஜ்யம் நிரப்பிவிட்டதால் படங்கள் இருக்காதல்லவா? இன்னொன்று: இமேஜைப் புதிய டிஸ்க்கில் இறக்கிய பிறகும் விண்டோஸ் கெட்ட பகுதிகள் இருப்பதாகச் சொல்கிறது. புதிய டிஸ்க்கும் கெட்டதா?

வட்டுப் பட்டறை எழுதியது:

புதிய டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். கெட்ட துண்டுகளின் பட்டியல் கோப்பு முறைமைக்குள்ளேயே எழுதப்படுவது. ஏற்கெனவே எப்போதோ யாராவது செக்டிஸ்க் ஓடவிட்டிருந்தால் அந்தப் பட்டியலும் இமேஜோடு சேர்ந்து வந்திருக்கும். படங்களை எல்லாம் புதிதாக ஃபார்மட் செய்த பகுதிக்குக் கோப்புகளாக நகலெடுத்துவிடுங்கள், போய்விடும். அல்லது புதிய டிஸ்க்கின் மேல் செக்டிஸ்க்கை ‘பி’ எழுத்துடன் ஓடவிட்டால் பட்டியலை மறுபரிசீலனை செய்யும்.

பழைய டிஸ்க்கை அப்படியே கொடுக்க வேண்டாம். மாற்றிடத்துக்குப் போன ஐந்து செக்டர்களின் பழைய இடத்தில் நீங்கள் நிரப்பிய பூஜ்யம் விழவில்லை. அங்கே படத்தின் துணுக்குகள் இருக்கக்கூடும். அது மிகச் சிறியதுதான், என்றாலும் வீட்டு விசேஷப் படங்களை நம்மிடம் நம்பிக் கொடுத்தவர்களுடையது. டிஸ்க்கில் வசதி இருந்தால் ‘என்ஹான்ஸ்டு செக்யூர் இரேஸ்’ கட்டளை அந்த இடங்களையும் சேர்த்து அழிக்கும். இல்லையென்றால் மேல் மூடியைக் கழற்றித் தகட்டில் துளையிடுங்கள். உங்களுடையது மூன்றரை அங்குலம் என்பதால் பெரும்பாலும் அலுமினியத் தகடாக இருக்கும். வாணி போல லேப்டாப் அளவு டிஸ்க் வைத்திருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் கண்ணாடித் தகடு, சில்லுகள் கண்ணில் தெறிக்கும்.

2 டெராபைட் டிஸ்க்கோடு நிறுத்திவிடாமல் இன்னொன்றும் வாங்கச் சொல்லுங்கள் அண்ணனிடம். ஒன்று ஸ்டூடியோவில், ஒன்று வீட்டில். கார்டிலிருந்து இறக்கிய அன்றே இரண்டிலும் ஏற்றிவிட்டு, அதன் பிறகு கார்டை ஃபார்மட் செய்யுங்கள். இரண்டு டிஸ்க்குகளையும் மாதம் ஒருமுறை முழுதாக வாசிக்கவிட்டு 197ஐப் பாருங்கள். முடிந்தால் வேறு வேறு சமயத்தில் வாங்கியவையாக இருக்கட்டும்.